பட்டாளத்துக் கணவர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

"குடியாத்தம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். கணவர் ராணுவத்தில் ஹவில்தார். ஒரு மகள். குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அதே யூனிட்டில் வேலை செய்பவரின் மனைவியோடு இவருக்குத் தொடர்பு இருப்பது தெரிந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் வாட்ஸ்அப்பில் இருந்ததை என் போனில் படம் எடுத்தேன். இப்போது சித்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். 'விவாகரத்துக்குப் பரஸ்பர சம்மதம் என்று கையெழுத்துப் போடு, 3 லட்சம் தருகிறேன். இல்லையென்றால் வேலூரில் கேஸ் போட்டு அலைய விடுவேன்' என்கிறார். அவருடைய சி.ஓ.வுக்கு (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) எழுதி வேலையைப் பிடுங்கிவிடலாமா?" - ஒரு சகோதரி, சித்தூர்.

அன்புச் சகோதரி, முதலில் ஒன்று: அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விவாகரத்து ஆகிவிட்டால் மனைவி என்ற இடம் போகும். அவருக்குப் பிறகு வரக்கூடிய குடும்ப ஓய்வூதியமும் அதோடு போகும். அதற்கு 3 லட்சம் விலையா?

நீங்கள் கோபத்தில் கேட்டதற்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்ததால், கள்ளத்தொடர்புக்காகப் போலீஸில் புகார் கொடுக்க முடியாது. ஆனால் ராணுவத்தின் கதை வேறு. அந்தத் தீர்ப்பு முப்படைச் சட்டங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2023 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சக வீரரின் குடும்பத்தில் கை வைத்தவரை ராணுவம் லேசில் விடாது. 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 63-வது பிரிவில், ஒழுங்கைக் குலைத்த குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்கலாம்.

எடுத்து, அவரை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். சம்பளம் நிற்கும், பென்ஷனும் போகக்கூடும். உங்கள் மகளின் ஸ்கூல் ஃபீஸ் எங்கிருந்து வரும்? "அவன் வேலை போனால் போதும்" என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனக்கும். உங்கள் வலி நியாயமானது. ஆனாலும் சோறு அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது.

ஆகவே சி.ஓ.வுக்கு எழுதுங்கள், ஆனால் ஜீவனாம்சம் கேட்டு எழுதுங்கள். கணவர் பராமரிக்காவிட்டால் அவர் சம்பளத்திலிருந்து பிடித்து மனைவி மக்களுக்குக் கொடுக்க, அதே சட்டத்தின் 91-வது பிரிவு வழி செய்கிறது. ராணுவ ஆணைப்படி மனைவிக்கு 22 சதவீதம் வரை, பிள்ளைகளையும் சேர்த்து 33 சதவீதத்துக்கு மிகாமல் பிடிக்கலாம். அவருடைய சம்பளத்தில் இதைக் கணக்குப் போட்டு, 3 லட்சம் எத்தனை மாதத்தில் தீரும் என்று பாருங்கள். மனுவில் அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட் பெயர் இருக்க வேண்டும். உங்கள் கல்யாணமும் மகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ உத்தரவு) ஏறியிருக்கிறதா என்று, அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஏறாத பெயருக்காகப் பின்னால் அலைவது கொடுமை.

கூடவே சித்தூரிலேயே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவில் ஜீவனாம்ச மனு போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுதான் இது. மனைவி வசிக்கும் ஊரிலேயே போடலாம். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். அவர் எல்லையில் பணியில் இருப்பதாகச் சான்றிதழ் வந்தால், 1925-ம் வருட இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டப்படி அவர் மீதான சில வழக்குகள் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கப்படலாம். அப்படி நின்றால், வழக்கே போய்விட்டது என்று பயப்படாதீர்கள்.

வேலூர் மிரட்டலுக்கும் பயப்படாதீர்கள். மாநிலம் மாறுவதால் அங்கிருந்து சித்தூருக்கு வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்தால்தான் முடியும். டெல்லி வரை செலவு செய்து மாற்றுவதைவிட, பஸ் ஏறி வேலூர் போய்வருவது மேல். அங்கே தமிழில் நடப்பது உங்களுக்கே புரியும். போக்குவரத்துச் செலவு, வக்கீல் செலவு எல்லாவற்றையும் இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் அவரிடமே கேளுங்கள்.

சேர்ந்து வாழவே முடியாது என்று முடிவெடுத்தால், விவாகரத்துக்கு முன் ஜுடிசியல் செபரேஷன் பற்றி யோசியுங்கள். பிரிந்து வாழலாம், சட்டப்படி மனைவியாகவும் இருப்பீர்கள். ஆனால் தீர்ப்பாகி ஒரு வருடம் சேராமல் இருந்தால், அதைக் காட்டி அவரும் விவாகரத்து கேட்க வழி உண்டு. தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நீங்கள் எடுத்த படங்கள்? அவை இருக்கும் போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். டிஜிட்டல் ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், சித்தூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்றிதழ், அவர் அனுப்பிய பணம் வரவான பாஸ்புக், அந்தப் பத்திரத்தின் நகல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.