பழத்தில் இருப்பது இருக்கட்டும், சட்டையில் இருப்பது என்ன?

கேள்வி: எனக்கு வயது 27. பத்து வாரக் கர்ப்பம். பழங்களில் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி தங்கிவிடுகிறது, அது கருவைக் கெடுக்கும், குழந்தையின் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று இணையத்தில் படித்தேன். மூன்று வாரமாகப் பழத்தைத் தொடவில்லை. உடம்பைச் சுத்தம் செய்யக் கரி மாத்திரை சாப்பிடுகிறேன். ஃபோலிக் அமிலமும் ரசாயனம்தானே என்று அதையும் நிறுத்திவிட்டேன். பழத்தில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். எதைக் குத்தினாலும் சிவப்பு காட்டுகிறது. முடி கொட்டுகிறது, வாயில் உலோகச் சுவை, எந்நேரமும் அசதி. சிறுநீரில் இந்த மருந்து இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமா? என் கணவர் பயிருக்கு மருந்து அடிக்கிறவர். அடித்துவிட்டு வரும் நாளில் அவருக்கும் கண் மங்குகிறது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்பார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அவர் துணியை நான்தான் துவைக்கிறேன்.

பதில்: ஃபோலிக் அமிலத்தை இன்றிரவே மறுபடி தொடங்குங்கள். கரி மாத்திரையைக் குப்பையில் போடுங்கள். குழந்தையின் தண்டுவடக் குழாய் கரு உருவான நான்காவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. நீங்கள் மாத்திரையை நிறுத்தியது அதற்குப் பிறகு. அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் பன்னிரண்டு வாரம் வரை அது வேண்டும். கரி, குடலில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு போகும். உங்கள் சத்து மாத்திரையும் அதில் சேர்த்தி. நேற்றுச் சாப்பிட்ட பழத்தில் இருந்து ரத்தத்துக்குப் போய்விட்டதை அதனால் திரும்ப இழுக்க முடியாது.

முடி, உலோகச் சுவை, அசதி: இவற்றுக்குப் பூஞ்சைக்கொல்லியைத் தேட வேண்டாம். அசதியும் வாய்ச்சுவை மாறுவதும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் பலரும் சொல்வதுதான். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட்டால் போதும்.

சரி, நீங்கள் கேட்க வந்த ஒரே கேள்வி: சாப்பிட்ட பழம் குழந்தையைக் கெடுத்துவிட்டதா? இல்லை.

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் அல்ல. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க ஒரு நுண்கயிறு வேண்டும். டியூபுலின் என்ற புரதத்தால் திரித்த கயிறு அது. கார்பென்டசிம் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கயிறு திரிய விடாமல் செய்கிறது. பூஞ்சையின் டியூபுலினை இறுகப் பிடிக்கும், நம்முடையதைத் தளர்வாகத்தான் பிடிக்கும். குடற்புழுவுக்கு நாங்கள் கொடுக்கும் அல்பெண்டசோலும் மெபெண்டசோலும் இதே குடும்பம்தான். அவற்றைக்கூட முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்போம். சினை எலிகளுக்கு அதிக அளவில் கார்பென்டசிம் கொடுத்தபோது குட்டிகளுக்குக் குறைபாடு வந்தது; ஆண் எலிகளின் விந்தணுவும் பாதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதற்கான அனுமதி 2014-இல் காலாவதியானது. பிரேசில் 2022-இல் தடை செய்தது. ஆபத்து உண்மை. எவ்வளவுக்கு ஆபத்து என்பதைத்தான் அந்தக் கட்டுரை எழுதியவர் விட்டுவிட்டார்.

சினை எலிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 மில்லிகிராம் கொடுத்தும் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு அதை நூறால் வகுத்து, கருத்தரிக்கும் வயதுப் பெண் ஒரே நாளில் உட்கொள்ளத்தக்க எல்லையாகக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று 2005-இல் வைத்தது. உங்கள் எடை 55 கிலோ என்றால் 5.5 மில்லிகிராம். 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் இறக்குமதி ஆரஞ்சுச் சாற்றில் இது இருக்கிறது என்று பெரிய அமளி நடந்தது, இன்றும் அந்தச் செய்தியைத்தான் சுற்றில் விடுகிறார்கள். அப்போது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கிலோவுக்கு 80 மைக்ரோகிராம் வரை கவலை இல்லை என்றது. அந்த 80 இருக்கிற சாற்றையே குடித்தாலும் 5.5 மில்லிகிராமைத் தொட ஒரே நாளில் 68 லிட்டர் வேண்டும். ஐரோப்பியர்களின் எல்லை ஐந்து மடங்கு கறார். அந்தக் கணக்கிலும் 13 லிட்டருக்கு மேல். கர்ப்பிணி வயிற்றில் அதற்கு ஏது இடம்?

இன்னொன்று. அப்போது 10 மைக்ரோகிராம் இருந்த சரக்கையே துறைமுகத்தில் நிறுத்தினார்கள். ஆரஞ்சுக்கு அங்கே இந்த மருந்துக்கு அனுமதி கிடையாது, அதனால் நிறுத்தினார்கள். சட்டம் மீறிய சரக்கு வேறு, ஆளைக் கெடுக்கும் சரக்கு வேறு. செய்தித் தலைப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அந்தக் குத்தும் கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் சாற்றில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதை நைட்ரேட் என்று ஊகித்துச் சிவப்போ பச்சையோ காட்டுகின்றன. உப்புத் தண்ணீரில் குத்தினாலும் சிவக்கும். கார்பென்டசிம்மை உண்மையில் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் பழத்தை அரைத்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, உப்புகள் சேர்த்துச் சுழற்றித் தெளிய வைத்து, அந்தத் தெளிவை, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவக் குரோமட்டோகிராஃபும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் செலுத்துகிறார்கள். சூடு பட்டால் இந்த மூலக்கூறு சிதைந்துபோகும், அதனால் வாயு முறை இதற்குச் சரிவராது. கருவி மூலக்கூறை எடை போடும்: 192 என்ற எடையில் வருவதை உடைத்தால் 160 எடையுள்ள துண்டு வர வேண்டும். அந்த ஜோடி வந்தால்தான் ஆள் இவன் என்று கையெழுத்துப் போடுவார்கள். அப்படித் தேடும்போதும், பெனோமில், தயோபனேட் மெத்தில் ஆகிய மருந்துகளும் சிதைந்து கார்பென்டசிம்மாகவே மாறுவதால், அடித்தது எது என்று சொல்வது கடினம். இவ்வளவையும் ஒரு ஊசியும் பேட்டரியும் செய்துவிடும் என்று நம்பியிருக்கிறீர்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை தேவையில்லை. உடம்புக்குள் போனதில் பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும். எண் எது வந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போவது மாறாது. பழம் சாப்பிடுங்கள். குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சமையல் சோடா கரைசலில் ஆப்பிளைக் கால் மணி நேரம் ஊறவைத்தால் மேற்பரப்பில் இருந்தது போய்விட்டது என்று 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அவர்கள் சோதித்த தயாபெண்டசோலில் (இதே குடும்பம்) ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. அதைக் கழுவ எந்தத் திரவமும் கிடையாது. விளம்பரத்தில் வருவதும் அப்படியே.

இப்போது உங்கள் கணவர்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிகளை மூன்று முறை படித்தேன். நீங்கள் "அவருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் இருவருக்கும் ஒரே கோளாறு என்பதுபோல. கார்பென்டசிம் இப்படிச் செய்யாது. எலிக்குக் கிலோ எடைக்கு 10 கிராமுக்கு மேல் கொடுத்தும் பாதி எலிகள்கூடச் சாகாத மருந்து அது. கண் மங்குவது, எச்சில் ஊறுவது, நெஞ்சை அடைப்பது மூன்றும் சேர்ந்து வந்தால், டேங்கில் அதோடு கலந்த பூச்சிக்கொல்லியைத்தான் சந்தேகிப்பேன். ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகை. நரம்புச் சமிக்ஞையை நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. திறந்த குழாயை மூட ஆள் இல்லாத மாதிரி, எச்சிலும் வியர்வையும் மூச்சுக்குழல் சளியும் வழிந்துகொண்டே இருக்கும்.

தூங்கி எழுந்தால் சரியாகிறது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் என்றால், அறிகுறி மறைந்தாலும் நொதி திரும்பியிருக்காது. சிவப்பணுவில் இருக்கும் கோலினெஸ்டரேஸ் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் மீள்கிறது. வாரம் ஒருமுறை அடித்தால், போன வாரக் கடன் தீருமுன் இந்த வாரக் கடன் ஏறுகிறது. ஒரு நாள், வழக்கமாக அடிக்கும் அதே அளவில் ஆள் விழுந்துவிடுவார்.

ஆகவே ரத்தப் பரிசோதனை அவருக்கு வேண்டும், உங்களுக்கு அல்ல. சிவப்பணு கோலினெஸ்டரேஸ். அது வரும்வரை தெளிப்பு வேலை வேண்டாம். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு வேறுபடும், எனவே முதல் எண் இயல்பு வரம்புக்குள் இருக்கிறது என்று யாராவது அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள்; மருந்து படாமல் சில வாரம் இருந்தபின் மறுபடி எடுத்து, அவருடைய எண்ணை அவருடைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

வியர்த்துக் கொட்டுகிறது, வாந்தி, தசை துடிக்கிறது, கண்மணி ஊசித்துளையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் தூங்க விடாதீர்கள். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நேராக அவசரப் பிரிவுக்கு.

தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து அதிகம் போவது தோல் வழியாக. நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வருகிறார், அதை நீங்கள் வெறுங்கையால் கசக்குகிறீர்கள். மூன்று வாரமாக நீங்கள் ஒதுக்கிய பழங்களையெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது. இனி அந்தத் துணியைத் தொடாதீர்கள். அவரே கையுறை போட்டு, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைக்கட்டும். மருந்து கலக்கும் இடத்துக்கும் போகாதீர்கள். பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், நான் எழுதித்தருவதையும் மருந்து என்கிறோம். அதனால்தானோ என்னவோ, அதற்கு வீட்டுக்குள் இவ்வளவு சலுகை.

மருத்துவரிடம் போகும்போது டேங்கில் கலந்த எல்லா டப்பாக்களின் லேபிளையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ பூச்சி மருந்து" என்று சொன்னால் எதற்குச் சிகிச்சை கொடுப்பது என்று எங்களுக்கும் தெரியாது.