எலி ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: அம்பாசமுத்திரத்து அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், எலிகளுக்குப் பரம்பரையாக வரும் வைரஸ்களைப் பற்றித்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீங்களோ பி.எட். முடித்து நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேரட்டும் என்கிறீர்கள். "எலியை வைத்து என்ன பிழைப்பு? வைரஸ் தொற்றினால் யார் பொறுப்பு?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அது என்ன படிப்பு என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸ் தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி, புகுந்த உயிரணுவின் குரோமோசோமிலேயே, அதாவது மரபணுக்கள் இருக்கும் இழையிலேயே, செருகிவிடும். எப்போதோ விந்தணுவிலோ கருமுட்டையிலோ அப்படிச் செருகிக்கொண்டது, பூர்வீகச் சொத்து மாதிரி பிள்ளை, பேரன் என்று இறங்கிக்கொண்டே வரும். எலியின் மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டி.என்.ஏ.வில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். மனிதரிடமும் சுமார் 8 சதவீதம் உண்டு. எந்த வைரஸ் எந்தக் குரோமோசோமில், எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலை.

1972-இல் அமெரிக்காவில் வாலஸ் ரோவும் ஜேனட் ஹார்ட்லியும், ரத்தப்புற்று வரும் 'ஏகேஆர்' எலிகளை அந்த நோயைத் தரும் வைரஸ் இல்லாத எலிகளோடு இணை சேர்த்துக் குட்டிகளைச் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட நொதியின் வகை எந்தக் குட்டிக்குப் போனதோ, பெரும்பாலும் அதற்கே வைரஸும் போயிருந்தது. அருகருகே இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும்; அந்த நொதியின் மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருந்ததால் வைரஸின் இடமும் பிடிபட்டது. 1981-இல் இன்னும் அழகான ஒன்று வெளிவந்தது. 'டிபிஏ' எலிகளின் ரோமம் வெளிறிப்போயிருப்பதற்குக் காரணம், 9-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்குள் வைரஸ் புகுந்திருப்பதுதான். நிறத்துகள்களைச் செல்லின் ஓரம்வரை சுமந்துபோகும் புரதம் அந்த மரபணுவிலிருந்துதான் உருவாகிறது. அபூர்வமாகச் சில எலிகள் பழைய கருநிறத்துக்கே திரும்பின. அவற்றில் வைரஸின் ஒரு சிறு நுனி தவிர மற்றதெல்லாம் கழன்று போயிருந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் மகள் தூங்காமல் கிடந்தாள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

அவளுக்கு இது சரிவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 'பிஎக்ஸ்டி' என்று ஒரு எலி வரிசை உண்டு. இரண்டு இனங்களைக் கலந்து, பிறகு அண்ணன் தங்கையாக இருபது தலைமுறை இணை சேர்த்து உண்டாக்கிய கிளைகள் அவை. எந்தக் கிளைக்கு எந்தப் பாட்டன் வழி மரபு வந்தது என்ற அட்டவணை 'ஜீன்நெட்வொர்க்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு குறியீட்டின் (குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளத்தின்) வரிசையை, ஒரு இனத்தின் வழி வந்திருந்தால் பி, மற்றதன் வழி வந்திருந்தால் டி என்று வைத்து, நோட்டில் பி, டி, டி, பி என்று எழுதி, அதன் கீழே இன்னொன்றின் வரிசையையும் எழுதி, எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மாறுவது குறையக் குறைய இரண்டும் அருகருகே இருக்கின்றன என்று பொருள். ஒரு மாலை முழுக்க இதில் உட்கார்ந்தாளானால் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அரைமணியில் எழுந்துவிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் எலியைத் தொடுகிற நேரத்தைவிட இப்படி எண்ணுகிற நேரம்தான் அதிகம். அதனால் புள்ளியியலும் கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரலும் இப்போதே பழகட்டும்.

தொற்று பற்றி: 2009-இல் 'எக்ஸ்எம்ஆர்வி' என்ற வைரஸுக்கும் மனிதரின் தீராத களைப்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஒரு கட்டுரை வந்து உலகமே பதறியது. அந்த வைரஸ், மனிதப் புற்றுத்திசுவை எலிக்குள் வளர்த்தபோது, எலியின் இரண்டு பரம்பரை வைரஸ்கள் கலந்து ஆய்வகத்திலேயே உருவானது என்று 2011-இல் நிரூபித்தார்கள். அந்த ஆண்டே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எலி வைரஸ்களைப் பற்றிய அறிவு கையில் இருந்ததால்தான் எத்தனையோ நோயாளிகளின் வீண் பயம் தீர்ந்தது. எலியை வைத்து என்ன பிழைப்பு என்று கேட்டீர்களே, இந்த அறிவைச் சேர்ப்பதுதான் இவர்கள் பிழைப்பு. எலிக்கூடத்தில் கையுறை, உடுப்பு, விலங்கு நெறிக் குழுவின் அனுமதி எல்லாம் கட்டாயம்.

பிழைப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த வேலைக்கு ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும். ஹைதராபாத் சிசிஎம்பி, பெங்களூரு ஐஐஎஸ்சி மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்கள். எம்.எஸ்ஸி.க்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகமோ, ஜாம், கேட்-பி (GAT-B) என்ற தேசிய நுழைவுத் தேர்வுகளை எழுதி வெளியிலோ சேரலாம். பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. பி.எச்டி. முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கும். கல்யாணப் பேச்சை அதற்காகத் தள்ளுவதா என்பதை நீங்களும் அவளும் உட்கார்ந்து பேசுங்கள்; என்னைக் கேட்டால் படிப்பை நிறுத்திவிட்டுச் செய்யாதீர்கள் என்பேன். ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும், எம்.எஸ்ஸி.யோடு நெட் தேறியவள் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பி.எட். அப்புறமும் படிக்கலாம்; அது எங்கேயும் ஓடிப்போகாது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடையில் இரண்டு மாதம் உதவித்தொகையோடு மாணவர்களை ஆய்வகங்களுக்கு அனுப்புகின்றன. அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. திங்கட்கிழமையே துறைத்தலைவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.