டிரசர் ஐயா பதில்கள்

கேள்வி: தோட்டத்தை விற்ற பிறகு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் இரசாயனத் தொழிற்சாலை. போபால் விபத்தைப் பற்றிப் பள்ளியில் கேள்விப்பட்ட மகன், "இங்கே வாயு கசிந்தால் ஓடுவதா, கதவைச் சாத்துவதா?" என்கிறான். என்ன சொல்ல, ஐயா?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, 1984 டிசம்பர் 2 இரவு போபால் மக்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் டாங்கியில் தண்ணீர் புகுந்து, பூச்சிமருந்து செய்ய வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட் சுமார் 40 டன் ஊருக்குள் இறங்கியது. குளிரூட்டும் இயந்திரத்தை முன்பே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயும் கழற்றிக் கிடந்தது. எவ்வளவு மிச்சம் பிடித்தார்களோ! ஊருக்கான சங்கு கொஞ்சம் ஊதி அடங்கிவிட்டது. காற்றைவிடக் கனமான வாயு தரையோடு பரவ, ஓடியவர்கள் மூச்சிரைத்து மேலும் உள்ளே இழுத்தார்கள். மருத்துவமனையில் டாக்டர்களுக்கே எந்த வாயு என்று சரியாகச் சொல்லப்படவில்லை. அரசு ஒப்புக்கொண்ட சாவு 3,787. பாதிக்கப்பட்டோர் சொல்வது அதைவிடப் பல மடங்கு.

நான் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்த தோட்டத்தில் ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கலப்போம். ஒருநாள் வால்வு பிய்த்துக்கொள்ள, ஸ்டோர் ஆள் கண்ணைப் பொத்தியபடி ஓடிவந்தார். என்ன பட்டது என்று கேட்கவே வேண்டியதில்லை, சட்டையே நாறியது. இமையைப் பிரித்துப் பிடித்துக் குழாயடியில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். "போதும் ஐயா" என்று கெஞ்சினார், விடவில்லை. கண் தப்பியது. பெயர் தெரிந்த விஷம் என்பதால் என் கை தயங்கவில்லை.

ஆகவே முதலில் அந்த ஆலையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அபாயப் பொருள்களைப் பெருமளவில் வைத்திருக்கும் ஆலை அக்கம்பக்கத்தாருக்கு விவரம் சொல்ல வேண்டும் என்று நம் மலேசியாவில் 1996ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். "பயப்படாதீர்கள்" என்பதைப் பதிலாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

மகனிடம் சொல்ல வேண்டியது: வீட்டுக்குள் இருந்தால் கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏர்கோனை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து, 999ஐ அழைக்க வேண்டும். வெளியில் மாட்டிக்கொண்டால் ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகட்டும். குளோரின் போன்ற கனத்த வாயு பள்ளத்தில் தேங்கும். கால்வாயில் இறங்கக் கூடாது.

ஆலை தூரத்தில் இருக்கிறதே என்று மற்ற வாசகர்களும் சும்மா இருக்க வேண்டாம். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் யாரோ கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள்.

கேள்வி: வாசலில் வெங்காயத்தை நறுக்கி வைத்தால் விஷவாயுவை உறிஞ்சிவிடுமாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
– இன்னொரு வாசகர்

பதில்: விற்கிற விலைக்கு அதைச் சாம்பாரில் போடுங்கள்.