நியூரல் நெட்வொர்க்கை வைத்துப் பழைய 8-பிட் நின்டெண்டோ இசையை உருவாக்குவது எப்படி?

ஒலி அலையாக வேண்டாம், சுரங்களாகப் பயிற்சி கொடுங்கள். நின்டெண்டோவின் (என்இஎஸ்) ஒலிச் சிப்பில் உள்ள சேனல்கள், அதாவது தனித்தனி ஒலித்தடங்கள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல் (பதிவுசெய்த ஒலித் துணுக்குகளுக்கான சாம்பிள் சேனலை விட்டுவிடலாம்). என்இஎஸ்-எம்டிபி என்ற தரவுத் தொகுப்பில் 397 விளையாட்டுகளின் 5,278 பாடல்கள் இப்படிப் பிரித்தே கிடைக்கின்றன.

பலர் சறுக்குவது பியானோ ரோலில்தான் (நேரத்தைச் சம கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று குறிக்கும் முறை). நொடிக்கு 24 கட்டமாக வெட்டினால் பெரும்பாலான கட்டங்கள் முந்தையதன் நகல். மாடல் அதையே கற்று ஒரே சுரத்தில் நின்றுவிடும். பதிலாக நிகழ்வுகளை டோக்கனாக்குங்கள், அதாவது மாடல் வரிசையாகப் படிக்கும் குறியீடுகளாக்குங்கள்: ‘பல்ஸ்1, சுரம் 60, தொடங்கு’ (60 என்பது சுரத்தின் எண்), ‘காத்திரு’, ‘பல்ஸ்1, நிறுத்து’. ஒரு சேனலில் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான். புதியது வந்தால் பழையதை நீங்களே நிறுத்திவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் (வரிசையில் அடுத்த டோக்கனைக் கணிக்கும் நியூரல் நெட்வொர்க் வகை) பயிற்சிக்கு இந்த 5,278 பாடல்கள் போதாது, மனப்பாடம் செய்துவிடும். முதலில் லேக் மிடி என்ற பெரிய தொகுப்பை (மிடி என்பது சுரங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) நான்கு சேனலாக மாற்றிப் பயிற்றுவித்து, பிறகு என்இஎஸ்-எம்டிபிக்கு வாருங்கள். சுருதியை ஏற்றி இறக்கியும், வேகத்தை 5% கூட்டிக் குறைத்தும், இரு பல்ஸையும் இடம் மாற்றியும் தரவைப் பெருக்கலாம். முக்கோண அலைக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. அதற்கு ஒலியளவு டோக்கன் வைக்காதீர்கள்.