கோரோ மொழியைப் படிக்கப் போகிறாளாம் மகள்: சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. கணிதம் படித்த உங்கள் மகள், எம்.ஏ. மொழியியல் சேர்ந்து கோரோ மொழியைப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். 'எழுத்தே இல்லாத மொழியைப் படித்தால் எவன் வேலை கொடுப்பான்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான்.

உங்கள் மகள் சொல்லும் கோரோ, அருணாச்சலப் பிரதேசத்தின் கிழக்கு காமெங் மாவட்ட மலைக் கிராமங்களில் பேசப்படுவது. திபெத்திய-பர்மியக் குடும்பம். பேசுபவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். அகா இனத்தாரோடு கலந்து வாழ்வதால், இதையும் அகாவின் கிளைப்பேச்சு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2008இல் மூன்று மொழியியலாளர்கள் போய்ச் சொல் சொல்லாகப் பதிவு செய்தார்கள். பன்றிக்கு அகாவில் 'வோ', கோரோவில் 'லேலே'. மலைக்கு அங்கே 'ஃபு', இங்கே 'ஙொ'. ஒட்டவே இல்லை! 2010இல் இதை அறிவித்தபோது உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த மூவரில் ஒருவர் ராஞ்சிப் பல்கலைக்கழகத்தின் கணேஷ் முர்மு.

சரி, வேலைக்கு வருவோம். கோரோ தெரியும் என்பதற்காக யாரும் சம்பளம் தர மாட்டார்கள். காதில் விழுந்ததை ஒலியெழுத்தில், அதாவது ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குறி வைத்து எழுதி, அதிலிருந்து இலக்கணத்தைப் பிரித்தெடுக்கும் திறமைக்குத்தான் சம்பளம். மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த 2013இல் ஒரு திட்டமே தொடங்கியது. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், மறைக்க விரும்பவில்லை. நிரந்தரம் வேண்டுமானால் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு), பிஎச்.டி. என்று கல்லூரிப் பக்கம் போக வேண்டும். குரல் தொழில்நுட்ப நிறுவனங்களும் மொழியியல் படித்தவர்களை எடுக்கின்றன. கணிதம் படித்த பெண்ணுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழி ஒன்றும் கஷ்டமில்லை, கையோடு கற்றுக்கொள்ளட்டும்.

எம்.ஏ. மொழியியலுக்கு நம் ஊரில் அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்கள் உண்டு. நான் அசாமில் உள்ள தேஜ்பூர் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். கோரோ பேசும் மலைகளுக்குப் பக்கம். அப்புறம், அருணாச்சலுக்குள் நுழையவே நமக்கெல்லாம் இன்னர் லைன் பர்மிட் என்ற அரசு அனுமதிச் சீட்டு வேண்டும். எனவே நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று பயப்படாதீர்கள்.

கட்டணம் கட்டுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பாட்டியைப் பேசவிட்டு, ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்யட்டும். இழுத்தது, விழுங்கியது எல்லாம் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். பாட்டி 'இருக்கு' என்றதை 'இருக்கிறது' என்று திருத்தினால் தப்பு. ஒழுங்காகச் செய்தால் அதற்கே அரை நாள் ஓடிவிடும். மறுநாளும் அவளாகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சேர்த்துவிடுங்கள். முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டால் என்னிடம் கூட்டி வாருங்கள், வேறு படிப்பு பார்ப்போம்.