முதலில் நான் குணமாக வேண்டாமா?

அன்புள்ள அக்கா,

நானும் திருகோணமலைதான். பெயர் போட வேண்டாம். போன வருசம் அம்மா போனதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்திருக்கிறார்கள். நாங்கள் அம்மம்மா காலத்திலிருந்தே மெதடிஸ்த சபை. வீட்டுக்கு ஜெபிக்க வரும் ஒரு மாமி, 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு' என்கிறார். வாலிபர் கூட்டத்துக்குப் போனால் காணிப் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கடன்பட்ட பெண்கள் என்று அதே பேச்சு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எனக்கே எழும்பி முகம் கழுவ ஏலாமல் இருக்கிறது, நான் யாருக்காகப் போய் நீதி கேட்பது? முதலில் நான் குணமாக வேண்டாமா?

அன்புள்ள தங்கச்சி,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மாமியிடம் சொல்லுங்கள்: நம் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்க ஓர் இடம் திறந்தவர், அடுத்த வருசமே வைத்தியரிடம் போகக் காசில்லாதவர்களுக்காகக் கைவைத்தியப் புத்தகம் ஒன்றும் போட்டவர். மின்சாரம் புதினமாக இருந்த காலத்தில் அதற்கென்று ஓர் இயந்திரம் வைத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவரும் அவர்தான். (அந்த வைத்தியங்களில் சிலதை இப்போது படித்தால் சிரிப்பு வரும், அது வேறு கதை.) ஜெபம் இருக்க மருந்து எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மே 24 வந்தால் நம் சபைகளில் கேட்கும் பிரசங்கம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். 1738, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம், இரவு ஒன்பதுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது இரட்சிப்பின் நிச்சயம் வந்து வெஸ்லியின் இருதயம் அனல் கொண்டது. அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அதில்தான் கோபம். அன்று பின்னேரம் அந்தக் கூட்டத்துக்குத் தனக்குத் துளியும் விருப்பமில்லாமல் போனதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், எனக்கே விசுவாசம் இல்லை, பிரசங்கிப்பதை விட்டுவிடட்டுமா என்று தனக்கு வழிகாட்டிய ஜெர்மானியப் போதகர் பீட்டர் போலரிடம் கேட்கிறார். விடாதே, விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கி, வந்த பிறகு வந்ததற்காகப் பிரசங்கி என்கிறார் போலர். இன்னொன்று, இருதயம் அனல் கொண்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1739 ஜனவரியில் அதே மனிதர் தான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. வெளியான இடத்தில், வெயிலிலும் மழையிலும், தேவாலயப் பக்கமே வராத சனங்களுக்கு அவர் பிரசங்கிக்கத் தொடங்கியது அந்த ஏப்ரலில். குணமாகி முடிந்த ஆளாகவா போனார்?

என் கதையையும் சொல்கிறேன். சுனாமியில் தங்கச்சியைக் கொடுத்த பிறகு நானும் இரண்டு வருசம் மாத்திரை போட்டேன். அப்புறம் நிறுத்தி, பிறகு திரும்பவும் தொடங்கினேன். டச்சு பே பக்கம் ஒரு வீட்டில் புதன்கிழமை பின்னேரம் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். எனக்குப் போகவே பிடிக்காது, ஆட்டோ பிடித்துத் தந்து அனுப்புவார்கள். ஒரு புதன்கிழமை மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்கில் கிடந்து, காணி திரும்பக் கிடைத்ததும் கிணற்றுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் குழுக்கடன் எடுத்தவள். ஜெபக் குறிப்பு என்ன என்று கேட்டதற்கு வாய் திறக்காமல் கைப்பையிலிருந்து கடன் கொப்பியை எடுத்துப் பாயில் வைத்தாள். மூலை மடிந்து, தேத்தண்ணீர்க் கறை பட்ட கொப்பி. கட்டாத கிழமைகளுக்கு நேரே சிவப்பு வட்டம். முன்பு கணக்கு எழுதும் வேலை பார்த்தவள் என்பதால் என் கையில் தந்தார்கள். நாற்பதாயிரம் கடன், முன்பணமாகப் பிடித்தது போகக் கையில் வந்தது முப்பத்தெட்டாயிரம். கிழமைக்கு 1,050 ரூபாய், 52 கிழமை. பெருக்கிப் பாருங்கள், 54,600. அதைக் கட்ட இன்னொரு இடத்தில் இன்னொரு கடன். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும், கட்டும்வரை அறவிட வரும் பொடியன் அவள் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மெதடிஸ்தர்கள் கிழமைக்கு ஒருக்கால் சின்னக் குழுவாகக் கூடும் வகுப்புக் கூட்டமும் கடன் அறவிடுவதில்தான் தொடங்கியது! 1742, பிரிஸ்டலில் கட்டிய கூடத்தின் கடன் அடைபடவில்லை. ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி தருவோம் என்கிறார்கள். ஏழைகளுக்கு அதுவும் ஏலாதே என்று ஒருவர் எழும்ப, கப்டன் ஃபோய் என்பவர் சொல்கிறார்: மிகவும் ஏழையான பதினொரு பேரை என் கணக்கில் விடுங்கள், கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கிறேன், தர முடிந்தால் வாங்குகிறேன், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன். அப்படி வீடு வீடாகப் போனவர்களுக்குத்தான் யார் வீட்டில் என்ன கோலம் என்று தெரியவந்தது, வகுப்பு என்பது அங்கேதான் பிறந்தது. அதே சின்னக் குழு, அதே கிழமைக் கணக்கு, வாசலில் வந்து நிற்கிறவர் கேட்பதுதான் வேறு. அடுத்த வருசம் வெஸ்லி எழுதிய சபை விதிகளில் அநியாய வட்டி வாங்குவது கொடுப்பது இரண்டுமே தீமைப் பட்டியலில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்குவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, நம் ஆட்கள் கடன்பட்டவளைப் பார்த்து இரண்டாவதை மட்டும் சொல்வார்கள்.

நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அடுத்த தவணை நாளில் ஆறு பேர் போய் அவள் விறாந்தையில் இருந்தோம். பொடியனுக்கும் பிளேன்டீ கொடுத்தோம், அவனுக்கு மேலிடத்து டார்கெட், பாவம். கணக்கைத் தமிழில் எழுதித் தரச் சொன்னோம். இரண்டு கிழமைக் காசை நாங்கள் பிரித்துப் போட்டோம். பிறகு கடிதம், அலுவலகம், காத்திருப்பு என்று நாலு மாதம் இழுபட்டு, பிந்திய கிழமைகளுக்குப் போட்ட தண்டப்பணத்தை மட்டும் விட்டார்கள். முதலும் வட்டியும் அவள்தான் கட்டினாள். அந்த இரவு எனக்கு நித்திரை வந்ததா என்றால், இல்லை, மாத்திரை போட்டுத்தான் படுத்தேன். ஆனால் அடுத்த புதன்கிழமை ஆட்டோவை நானே கூப்பிட்டேன்.

அதனால் ஊர்வலத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன், இப்போதைக்கு வேண்டாம். புதன்கிழமை நாலரைக்கு வாருங்கள், விருப்பமில்லாமலே வாருங்கள், ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகலாம். இப்போது கொப்பி கொண்டு வருகிறவர்கள் மூன்று பேர், எனக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து சின்ன எழுத்துத் தெரிவதில்லை. பக்கத்தில் இருந்து இலக்கங்களை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்,
அக்கா