கல்யாணத்துக்கு முன் புருவத்தில் முடி நடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. சின்ன வயதில் கொதிக்கிற ரசம் கொட்டி இடது புருவத்தின் வால் பக்கம் போய்விட்டது, இப்போது தழும்புதான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் கல்யாணம். அங்கே முடி நட்டுக்கொள்ளலாமா? தம்பிக்கும் போன மாதம் தாடியில் காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டிவிட்டது, அவனுக்கும் சேர்த்தே செய்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: நடலாம் தங்கச்சி, ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும், வேர் மட்டும் உள்ளே தங்கும், அது திரும்ப முளைக்க மூன்று நான்கு மாதம், முழுசாக நிரம்ப ஏறக்குறைய ஒரு வருடம். இப்போது அவசரப்பட்டால் முகூர்த்தத்தன்று அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

தழும்பில் வளருமா என்று பயப்படாதீர்கள். 1939-லேயே ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர் தலைக்கு மட்டுமில்லாமல் புருவத்துக்கும் மீசைக்கும் முடி நட்டதை எழுதிவைத்திருக்கிறார். என்ன, தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு, சில வேர்கள் பிடிக்காமல் போகலாம். அதனால் முதலில் கொஞ்சம் மட்டும் நட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் மீதியை நடச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலும் பின்னந்தலையிலிருந்துதான் வேரோடு எடுப்பார்கள். எங்கே நட்டாலும் முடி பிறந்த இடத்தின் குணத்தை விடாது, புருவத்துக்கு வந்தாலும் தலைமுடி மாதிரி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்லாமலே பணம் வாங்குகிறவர்கள் இருப்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று, கண்ணாடி முன்னால் நின்று உங்கள் வலது புருவத்தை உற்றுப் பாருங்கள். மூக்குப் பக்கம் முடி மேல்நோக்கி நிற்கும், போகப் போக வெளியே சாயும், வாலுக்கு வந்தால் மேல்வரிசை கீழாகவும் கீழ்வரிசை மேலாகவும் சரிந்து நடுவில் சேரும். நடுகிறவர் ஒவ்வொரு துளையையும் அந்தச் சாய்வில், தோலோடு ஒட்டினாற்போல் போட வேண்டும், ஒரு துளைக்கு ஒற்றை முடி. தலையில் வைப்பதுபோல் இரண்டு மூன்றாகக் கொத்தாக வைத்தால் பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும். அதனால் அவர் ஏற்கெனவே செய்த புருவங்களின் படத்தைக் கேளுங்கள், தலைகளின் படம் உங்களுக்கு உதவாது. துளை போடப்போவது யார் என்பதையும் கேளுங்கள். பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், டெக்னீஷியன் உதவி மட்டும் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது.

தம்பி விஷயம் வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புழுவெட்டு மாதிரி இருக்கிறது. பெயர்தான் அப்படி, புழு எதுவும் கிடையாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. நட்டால் நட்ட முடியும் விழலாம். தோல் டாக்டரிடம் காட்டினால் களிம்போ ஊசியோ கொடுப்பார், பலருக்குத் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். பிறவியிலேயே தாடி அடர்த்தியில்லாதவர்களுக்குத் தாடியில் நடுவது உண்டு, தலையில் எடுக்க முடி போதாதவர்களுக்குத் தாடியிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுத்துத் தலையில் வைப்பதும் உண்டு, ஆனால் தம்பிக்கு இப்போது அதெல்லாம் தேவையில்லை.

கல்யாணத்துக்கு, மேக்கப் செய்கிறவரை ஒரு வாரம் முன்னாலேயே வரவழைத்து, அந்தத் தழும்பின் மேல் புருவம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். வழவழப்பான தழும்பில் பென்சில் சரியாகப் பிடிக்காமல் போகலாம், அன்றைக்கே தெரிந்தால் மாற்று பார்க்க நேரம் இருக்கும்.